மணியோடு ஒரு மார்கழி நடை

சிங்கப்பூரில் குளிர்காலம் உண்டா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். உண்டு என்றுதான் நான் சொல்வேன். பனி பெய்யாது, இலை உதிராது. ஆனால் மார்கழி வரும். சென்னைக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொடுக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, தென்சீனக் கடலின் ஈரத்தோடு டிசம்பரில் இந்தத் தீவுக்கும் வந்து சேரும். சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். 31 பாகை வெயிலில் வேகும் ஊர் 23, 22 என்று இறங்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடுவோம். இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19.4 பாகை செல்சியஸ்; 1934ஆம் ஆண்டு ஜனவரி 30, 31 தேதிகளில்.

நாய் வளர்ப்பவர்களுக்கு இந்த மாதங்கள் ஒரு வரம். மற்ற நாட்களில் காலை ஒன்பது மணிக்கே தார்ச்சாலை சுடத் தொடங்கிவிடும்; நாயின் பாதம் அதைத் தாங்காது. மேகம் மூடிய மார்கழிக் காலையில் மணிக்கணக்கில் நடக்கலாம். அப்படி ஒரு நடைக்குத்தான் இன்று உங்களை அழைத்துப் போகிறேன். கூட வருவது மணி.

மணி உயர்ந்த சாதி நாய் இல்லை. காப்பகத்திலிருந்து வந்தவன். செம்பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். இந்த மண்ணிலேயே பிறந்து பெருகிய கலப்பின நாய்களை இங்கே ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று அன்போடு அழைக்கிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் குறிப்பிட்ட சில சிறிய இனங்களைத்தான் வளர்க்கலாம் என்று நெடுநாள் விதி இருந்தது. 2012இல் தொடங்கிய ஒரு தத்துத் திட்டம் கலப்பின நாய்களுக்கும் அந்த வீடுகளின் கதவைத் திறந்தது. அந்தத் திட்டம் இல்லையென்றால் மணிக்கு வீடும் இல்லை, எனக்கு இந்த நடையும் இல்லை.

நாங்கள் இருப்பது லிட்டில் இந்தியாவை ஒட்டி. மார்கழியில் சிராங்கூன் சாலை தனி அழகு. இங்கே ஏழு மணிக்குத்தான் நன்றாக விடியும் என்பதால், இருட்டிலேயே சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குக் குடையோடு நடக்கிறவர்களைப் பார்க்கலாம். பொங்கல் நெருங்கினால் கேம்பல் லேனில் கரும்பும் மஞ்சள் கொத்தும் மண்பானையும் வந்து இறங்கிவிடும். ஆனால் நாயோடு நடக்க ஏற்ற இடம் அது அல்ல. கடைகளின் முன்னே உள்ள ஐந்தடிப் பாதை முழுக்கக் காய்கறிக் கூடையும் பூக்கடையும் ஆட்களும். மணிக்கு மூச்சு முட்டும். அவனுக்கு வேண்டியது மண் பாதையும் புல்லும் தவளைச் சத்தமும்.

அப்படி ஓர் இடம் இந்த நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. பழைய மலாயா ரயில் ஓடிய தடம், இப்போது ரயில் பசுமைப் பாதை. வடக்கே உட்லண்ட்ஸ் பக்கத்திலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர். நாம் போகப் போவது அதில் நடுவில் ஒரு துண்டு மட்டும்: புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்திலிருந்து தங்லின் ஹால்ட் வரை, நாலைந்து கிலோமீட்டர்.

லிட்டில் இந்தியாவில் எம்ஆர்டி ரயில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் கிங் ஆல்பர்ட் பார்க். இறங்கிச் சற்று நடந்தால் ரயில் நிலையம். வழிகாட்டி நாய்களைத் தவிர வேறு நாய்களுக்கு எம்ஆர்டியில் இடமில்லை என்பதால், செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் காரில்தான் நானும் மணியும் போவோம்.

ஒற்றை மாடிச் செங்கல் கட்டடம். தாழ்ந்த கூரை. நடைமேடையில் ஊர்ப்பெயர்ப் பலகை. தமிழ்நாட்டுக் கிளைப்பாதைகளில் இரண்டு ரயில் மட்டும் நின்று போகும் நிலையம் ஒன்றைப் பெயர்த்து வைத்தது போலிருக்கும். 1932இல் திறந்த நிலையம் இது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் ரயில்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க, வளையத்தில் கோத்த ஒரு சாவியை நிலைய ஊழியர் நீட்ட, ஓடும் ரயிலிலிருந்து ஓட்டுநர் எட்டி வாங்குவார். அந்தச் சாவி கையில் இருந்தால்தான் அடுத்த பகுதிக்குள் ரயில் நுழையலாம். சிங்கப்பூரில் கடைசி வரைக்கும் இங்கே அந்த முறைதான். பக்கத்தில் புக்கிட் தீமா சாலையைக் கடக்கும் இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. நிலையத்தைச் செப்பனிட்டு 2022 ஜூலையில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஊழியர்கள் குடியிருந்த வீடு இப்போது சிற்றுண்டிக் கடை.

அந்த நடைமேடையில் நின்றால் எனக்கு நம்மவர்கள் நினைவுதான் வரும். மலாயா ரயில்வேயில் கல் சுமந்து தண்டவாளம் போட்டவர்களில் பெரும் பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் இருந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர் ஏராளம். காலுக்குக் கீழே இருக்கும் இந்தச் சரளை மேட்டில் அவர்கள் வியர்வை கலந்திருக்கிறது. அதை நான் மிகையாகச் சொல்லவில்லை.

தெற்கு நோக்கி நடப்போம். நிலையத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை சுவராக எழுகிறது. இரவெல்லாம் பெய்த மழை ஓரத்து வாய்க்காலில் சலசலத்து ஓடுகிறது. வாழை, மரவள்ளி, யாரோ எப்போதோ நட்ட மா. மணி முதல் அரை மணி நேரம் நிமிர்ந்தே பார்க்கமாட்டான். மூக்கு தரையை விட்டு எழாது. ஒவ்வொரு புல் நுனியிலும் அவனுக்கு ஒரு செய்தி இருக்கிறது. எங்கிருந்தோ குயில் கூவுகிறது. சித்திரையில்தான் கூவ வேண்டும் என்று இந்த ஊர்க் குயில்களுக்கு யாரும் சொல்லவில்லை. மரத்தின் மேல் ஒரு கனத்த இறகடிப்பு கேட்டால் அண்ணாந்து பாருங்கள். இருவாச்சிப் பறவையாக இருக்கும். இந்தத் தீவிலிருந்து மறைந்துபோய், பின்னர் திரும்பி வந்து பெருகிய பறவை அது. ஓரத்தில் உடும்பு கிடந்தால் மணியின் கழுத்து விறைக்கும். நான் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொள்வேன். உடும்பு தன் வழியில் போய்விடும்.

நடப்பவர்களும் ஓடுபவர்களும் மிதிவண்டிக்காரர்களும் எதிரே வருவார்கள். சீனத் தாத்தா ஒருவர் குனிந்து மணியிடம் ஹொக்கியன் மொழியில் நலம் விசாரித்துவிட்டுப் போனார். மலாய்க் குடும்பம் வந்தால் நான் மணியை ஓரமாக நிறுத்தி வழி விடுவேன். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் தங்கள் முறைப்படி கழுவித் தூய்மை செய்யவேண்டும். அவர்கள் புன்னகைத்து நன்றி சொல்லிப் போவார்கள். பலரும் நெருங்கி வாழும் ஊரில் கயிற்றின் நீளம் கூட மரியாதைதான்.

இந்தப் பாதை எப்படி நமக்குக் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் மேலே நடக்க முடியாது. சிங்கப்பூருக்குள் ஓடினாலும் இந்தத் தண்டவாளமும் அதன் நிலமும் மலேசிய ரயில்வேயின் கையில் இருந்தன. 1990இல் இரு நாடுகளும் அந்த நிலம் குறித்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதற்கு என்ன பொருள் என்பதில் இருபது ஆண்டு இழுபறி. 2010இல் தீர்வு வந்தது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் தஞ்சோங் பகாரை விட்டுப் புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் தாமே அதை ஓட்டிச் சென்றார். பாதை ஓரமெங்கும் மக்கள் கூடி நின்று கையசைத்தார்கள்.

மறுநாள் நிலம் சிங்கப்பூருக்கு வந்தது. நிலம் பொன்னாக இருக்கும் ஊர் இது. அடுக்குமாடி எழுப்பலாம், சாலை போடலாம், துண்டு துண்டாக விற்கலாம். ஆனால் அதற்கு முன்பே, 2010இல், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் இதை அறுபடாத பசுமைத் தடமாகக் காக்க வேண்டும் என்று திட்டம் ஒன்றை முன்வைத்தது. தண்டவாளம் அகற்றப்படும் முன் ஆயிரக்கணக்கானோர் இதில் நடந்து பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள், வலியுறுத்தினார்கள். அரசாங்கம் ஏற்றது. இந்த நகரம் எடுத்த நல்ல முடிவுகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன். தோட்டங்கள் இங்கே பல உண்டு. எல்லாம் அளந்து நட்டவை. இந்தப் பாதை தானாக முளைத்தது, துண்டுபடாமல் நீண்டு கிடக்கிறது. அதனால்தான் ஓர் எறும்புத்தின்னிக்கும் ஒரு மனிதனுக்கும் ஒரு நாய்க்கும் இதில் இடம் இருக்கிறது.

ஹாலந்து சாலையைக் கடந்தால் நகரம் மெல்ல எட்டிப் பார்க்கும். புவன விஸ்தா பக்கம் மேலே எம்ஆர்டி ஓடுகிறது. அதையும் கடந்தால் தங்லின் ஹால்ட். 1960களின் தொடக்கத்தில் எழுந்த பத்து மாடி வீடுகள் இங்கே இருந்தன. சீனர்கள் ‘சாப் லாவ்’ என்பார்கள். 2014இல் மறுமேம்பாட்டுத் திட்டம் அறிவித்தபின் அங்கிருந்தவர்கள் புதுவீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

இங்கேதான், பாதையின் ஓரத்தில், காமன்வெல்த் டிரைவில் முனீஸ்வரன் கோயில் கோபுரம் தெரியும். ஒரு நிமிடம் நில்லுங்கள். 1932இல் இந்த ரயில் பாதையில் வேலை பார்த்த தமிழர்கள் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தை ஒட்டி முனியாண்டிக்கு ஒரு சிறு கொட்டகை போட்டு வழிபடத் தொடங்கினார்கள். சாலை விரிவாக்கம் வந்தபோது கோயில் இடம் பெயர்ந்தது. இப்போதைய ஆலயத்துக்கு 1998இல் குடமுழுக்கு நடந்தது. ரயில் போய்விட்டது, தொழிலாளர் குடியிருப்புகள் போய்விட்டன. அவர்கள் கும்பிட்ட காவல்தெய்வம் இருக்கிறது. மணியை வெளியே பிடித்துக்கொண்டு சாலையிலிருந்தே கும்பிடுவேன். ஊரில் காவல்தெய்வத்தின் பக்கத்தில் சுதை நாய் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மணியோடு அங்கே நிற்பதில் எனக்கு ஒரு நிறைவு.

இனி ஓய்வு. பாதைக்கு மறுபக்கம் ஏறினால் வெசெக்ஸ் குடியிருப்பு. பிரிட்டிஷ் படையினருக்காகக் கட்டிய கறுப்பு வெள்ளை வீடுகள், பரந்த புல்வெளி, பெரிய மழைமரங்கள். நடுவே விட்சர்ச் சாலையில் நீலச் சாயம் பூசிய தாழ்ந்த கட்டடம், கோல்பார். 1953இல் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கான உணவுக்கூடமாகத் தொடங்கியது. புதுச்சாலை ஒன்றுக்காக இடிக்க வேண்டிய நிலை வந்தபோது, இடித்துத் தள்ளாமல், பிரித்தெடுத்து, பக்கத்திலேயே மறுபடி பொருத்தினார்கள்.

குளிரூட்டி கிடையாது. திறந்த தாழ்வாரம், பழைய மேசைகள், மேலே சுழலும் மின்விசிறி. பீரும் ஆப்பிள் மதுவும் வாங்கிப் பேசிக்கொண்டிருப்பவர்கள் ஒரு பக்கம், மீன் வறுவலும் உருளைக்கிழங்குமாகப் பிள்ளைகள் ஒரு பக்கம். உணவுக்கடைகளின் உட்புறத்தில் நாய்களை விட இங்கே பொதுவாக அனுமதி இல்லை. வெளி இருக்கைகளில் தடையில்லை. ஆகவே எங்களுக்கு வெளி மேசைதான். மணிக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். எனக்குக் கோழிக்கறியும் சோறும், பின்னால் சூடாக ஒரு கோப்பி. மழை மறுபடி பிடித்துக்கொள்கிறது. கூரையின் ஓரத்திலிருந்து தண்ணீர் சரம் சரமாக இறங்குகிறது. ஈர நாயின் வாடையும் கறியின் வாசமும் கலந்த அந்த அரை மணி நேரத்தை ஐந்து நட்சத்திர விடுதியில் உட்கார்ந்து தேடினாலும் கிடைக்காது.

நேயர்களே, நீங்களும் போய் வாருங்கள். நாய் இல்லாதவர்கள் புறப்படத் தடையே இல்லை. திரும்பும்போது காமன்வெல்த் அல்லது புவன விஸ்தா நிலையத்தில் ரயில் ஏறிவிடலாம். நாயோடு போகிறவர்கள் உரிமமும் கயிறும் கழிவை எடுக்கப் பையும் மறக்க வேண்டாம். இடி முழங்கினால் மரத்தடியில் ஒதுங்காமல், பாதையை விட்டு வெளியேறி அருகிலுள்ள கட்டடத்துக்குள் போய்விடுங்கள். இந்த மழை ஜனவரி முடிவுவரைதான். பிப்ரவரியில் வெயில் திரும்பிவிடும். அதற்குள் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்குங்கள்.