குருப்பட்டம் யாருக்கு?



சபைக்குத் தலைவர்கள் வேணும், ஆனா நம்ம சனங்களுக்குப் பயிற்சி பத்தலைன்னு சொல்றாங்க. பயிற்சிதான் குறையா? தஞ்சாவூர்ச் சீமை ராஜநாயக்கன் கதையைக் கேளுங்க. பறையர், மராட்டிய மன்னர் படையில் சேவகம் செய்தவர். தமிழ் வேதத்தை வாசித்துக் கத்தோலிக்கத்தை விட்டுத் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனுக்கு வந்தார். எதிர்ப்புக்கு நடுவே சபைகளைக் கட்டினார். மிஷனரிமாரே மெச்சிய உபதேசியார்.

1733இல் ஆரோன் குருவானார், அவர் வேளாளர். அடுத்த குருவைத் தேடியபோது ராஜநாயக்கன் பெயரும் வந்தது. அவர் கையால் சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்களே என்று மிஷன் பயந்தது. 1741இல் தியோகோவுக்குப் பட்டம் கிடைத்தது. இவர் கடைசிவரை உபதேசியார்தான். அதாவது, ஆள் சேர்க்க நம்ம வாய் வேணும். அப்பம் கொடுக்க நம்ம கை ஆகாது!

நான் பார்த்த முகாம்களில் சேரிப் பிள்ளைகளுக்கு ஜெபமும் பாட்டும்தான் சொல்லித் தர்றாங்க. சபைக் கணக்கு, நிலக் குத்தகை, கமிட்டித் தேர்தல்? அதைப் பத்திப் பேச்சே கிடையாது. அதுவும் நடவு நேரத்தில், பகலில்! கூலிக்குப் போற பெண்கள் எப்படி வருவாங்க? ராத்திரியில், சேரிக் கோயிலில் நடத்துங்க. முதல் பாடமாகச் சபைக் கணக்கை வாசிங்க. முகாம் முடிஞ்சதும் கமிட்டியில் பாதி நாற்காலியைக் கேளுங்க. யார் எழுந்திருக்கிறாங்கன்னு பார்ப்போம்.