அறுந்த இழை எங்கே?

ஆரணியில் பட்டுத்தறியில் இழையொன்று அறுந்தால், நெசவாளர் தறியையே பிரித்துவிடுவதில்லை. அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிடுவார். புதிய மடிக்கணினி வீட்டு வைஃபையில் இணையாதபோதும் அம்முறையே நன்று.

என் பேத்தியின் கல்லூரி விண்ணப்பத்திற்கு அன்றே கடைசி நாள். மருமகனோ கணினியைக் கடைக்குத் திருப்பியனுப்பப் பெட்டியைத் தேடலானார்! பொறுக்கச் சொன்னேன். அதே அறையில் கைப்பேசிக்கு இணையம் கிட்டியது. ஆகவே, வெளியிலிருந்து வரும் இணைப்பில் பழுதில்லை. கடவுச்சொல்லும் சரியே. கணினியை ரூட்டரின் அருகே கொண்டு சென்றதும் இணைந்துவிட்டது. தடை சுவர்தான்.

எங்கள் ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைக்கற்றைகளிலும் இயங்குவது. ஐந்தில் விரைவு மிகுதி. ஆயினும் சுவர்களைக் கடக்கையில் அது மிகவும் நலியும். கணினி அதையே பற்றியிருந்தது, கைப்பேசியோ 2.4-இல் இருந்தது. கணினியையும் அதற்கே மாற்றினோம். உள்ளறையிலிருந்தே விண்ணப்பம் சென்றது.