ஏழாவது அறுவையில் கிடைத்த சுரப்பி



சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் ஆறடிக்கு மேல் உயரமானவர். சில ஆண்டுகளில் ஏழு அங்குலம் குறுகிப் போனார். முதுகெலும்பு அமுங்கியது, கை கால் எலும்புகள் முறிந்தன, சிறுநீரகத்தில் கல் சேர்ந்தது. 1926-இல் அவருடைய ரத்தத்தைச் சோதித்தபோது கால்சியம் மிகுதி, பாஸ்பரஸ் குறைவு. சந்தேகம் பாராதைராய்டு சுரப்பிகள் மீது திரும்பியது.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு சின்னச் சுரப்பிகள் அவை. பருப்பளவுதான் இருக்கும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது அவற்றின் வேலை. பெரும்பாலான நோயாளிகளுக்கு நான்கில் ஒன்றில் கட்டி வளர்ந்து, அது நிறுத்தாமல் ஹார்மோனைச் சுரக்கிறது. அந்தக் கட்டி புற்றுநோயாக இருப்பது மிக அரிது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இந்த நோய் அதிகம் வருகிறது. அறிகுறிகள்: அசதி, உடம்பு வலி, மலச்சிக்கல், தாகம், அடிக்கடி சிறுநீர், மறதி, மனச்சோர்வு. அம்மா இப்படிச் சொன்னால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும், சந்தேகம் வர.

ரத்தக் கால்சியம் வழக்கமாக டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கும். அது கூடியிருந்தால் பாராதைராய்டு ஹார்மோனையும் அளக்க வேண்டும். இங்கே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கால்சியம் கூடும்போது நல்ல சுரப்பி அடங்கிவிடும், ஹார்மோன் அளவு மிகவும் இறங்கும். எனவே கால்சியம் கூடியிருக்க, ஹார்மோன் 'நார்மல்' என்று அச்சிட்ட தாள் வந்தாலும் அது நார்மல் அல்ல. அடங்க வேண்டியது அடங்கவில்லை என்றே பொருள்.

வைட்டமின் டி குறைந்திருந்தால் கால்சியம் அவ்வளவாக ஏறாமல் நோய் மறைந்து நிற்கும். அந்தக் குறைபாடு நம் ஊரில் நிறைய. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஹார்மோன் ஏறும். ஆனால் பெரும்பாலும் கால்சியம் ஏறுவதில்லை. காரணம் வேறு, மருத்துவமும் வேறு.

மார்ட்டெலின் கழுத்தைப் பலமுறை திறந்தும் கட்டி அகப்படவில்லை. 1932-இல், ஏழாவது அறுவையில், நெஞ்சுக்கூட்டுக்குள் அது இருந்தது. எடுத்தார்கள். ஆனால் சிறுநீரகம் அதற்குள் கெட்டிருந்தது. கட்டியை எடுத்த சில வாரங்களிலேயே, கல்லுக்காகச் செய்த அறுவைக்குப் பின் அவர் இறந்தார்.