பழைய ஸ்டேஷன் வேகன் வாங்குமுன்



டாடா இண்டிகோ மரீனா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி போன்ற ஸ்டேஷன் வேகன்கள் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. ஆனால் பெற்றோரின் வீல்சேரும் ஊருக்குப் போகும் மூட்டை முடிச்சும் பின்னால் தாராளமாகக் கொள்ளும் என்று பழையதைத் தேடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி என்று பயப்படாதீர்கள். குறைவாக ஓடியது என்று மயங்கவும் வேண்டாம். ஓடோமீட்டரில் எண்ணைக் குறைத்து வைக்க ஆள் இருக்கிறார்கள். எனவே சர்வீஸ் பில்களைத் தேதிவாரியாகக் கேட்டு, கிலோமீட்டர் ஏறியிருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால், அதை எப்போது மாற்றினார்கள் என்பதும் பில்லில் தெரியும். அது ஓட்டத்தில் அறுந்தால் பல என்ஜின்களில் வால்வுகள் வளைந்து பெருஞ்செலவு வைக்கும்.

காலையில், என்ஜின் சூடாகுமுன் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். பின்புற விரிப்பைத் தூக்கி, துருவும் ஈரமும் இருக்கிறதா பாருங்கள்.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் அடைந்துவிட்டாலும் அந்தப் பதிவு தானாகப் போகாது. வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 கொடுத்துத்தான் நீக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பதிவாகி 15 ஆண்டு முடிந்த வண்டியைச் சோதித்துப் பார்த்து, 5 ஆண்டுக்குத்தான் புதுப்பிப்பார்கள். அந்தச் செலவையும் கழித்து விலை பேசுங்கள்.

இவ்வளவையும் முன்பணம் கொடுக்குமுன் முடித்துவிடுங்கள். கொடுத்த பிறகு விற்பவர் வைத்ததுதான் சட்டம்.