தங்கவயல் கற்பித்த முதலீட்டுப் பாடம்

(கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"மாறிவரும் உலகமும் முதலீடும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் பேசவேண்டிய பொருளைப் பள்ளி ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டார்களே என்று முதலில் தயங்கினோம். எண்ணிப் பார்த்தபோது, இது நம்மவர்க்கு அயலான பொருளன்று என்பது விளங்கிற்று. உலக மூலதனம் எவ்வாறு வருகிறது, எவ்வாறு தங்குகிறது, எவ்வாறு போய்விடுகிறது என்பதை நம் பாட்டன்மார் தம் உடம்பால் கற்றனர். அந்தப் பாடம் நடந்த இடம் கோலார் தங்கவயல். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து தங்கவயலுக்குப் பிழைக்கச் சென்ற நம்மவர் எத்தனை பேர் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் முதியோர் அறிவர். எம் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர்.

மூலதனம் ஓரிடத்திற்கு வருவதற்கும் அவ்விடத்தை விட்டு நீங்குவதற்கும் மூன்று மாறுதல்கள் காரணமாகின்றன. பொருளாதார மாறுதல் ஒன்று. தொழில்நுட்ப மாறுதல் மற்றொன்று. சமுதாய மாறுதல் மூன்றாவது. இம்மூன்றையும் தங்கவயலை வைத்தே ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் பொருளாதாரம். 1870-களில் செர்மனி முதலிய நாடுகள் வெள்ளி நாணயத்தைக் கைவிட்டுத் தங்க நாணய முறைக்கு மாறின. தங்கத்தின் தேவை பெருகிற்று. வெள்ளியின் விலை சரிந்தது. நம் ரூபாய் வெள்ளி ரூபாய். 1871 அளவில் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 2 ஷில்லிங் கிடைத்தது. 1893 அளவில் அது ஏறத்தாழ 1 ஷில்லிங் 3 பென்ஸாக இறங்கிவிட்டது. அதாவது, இலண்டனில் இருப்பவர் ஒரு பவுன் பணத்தை மாற்றினால் முன்பு 10 ரூபாய் கிடைத்த இடத்தில், பின்பு 16 ரூபாய் கிடைத்தது. விற்பதோ தங்கம், கொடுப்பதோ வெள்ளிக் கூலி. இந்தியாவில் தங்கம் தோண்டுவது இலண்டன் முதலாளிகளுக்கு எத்துணை ஆதாயமான தொழில் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

இந்த ரூபாய்க் கணக்கைத்தான் அண்ணல் அம்பேத்கர் இலண்டனில் அமர்ந்து ஆராய்ந்தார். "ரூபாயின் சிக்கல்" என்னும் அவருடைய ஆங்கில நூல் 1923-இல் அங்கு வெளிவந்தது. அவரைச் சட்ட மேதையாகப் போற்றும் நம் இளைஞர்கள், அவர் பணத்தின் இயல்பை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் என்பதையும் மறத்தலாகாது. பணக் கணக்கு நமக்கு வேண்டாத கலை என்று அவர் ஒதுக்கிவிடவில்லை.

அதே காலத்தில் இங்கே நிகழ்ந்தது என்ன? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பெரும் பஞ்சம் வாட்டியது. நிலமில்லாத நம் மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். ஒருபுறம் இலண்டனில் ஆதாயம் தேடிய பணம். மறுபுறம் ஊரில் உணவு தேடிய உழைப்பு. இரண்டும் சந்தித்த இடமே தங்கவயல். 1880-இல் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி தோன்றிற்று. ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இலண்டன் நிறுவனம் நிருவாகப் பொறுப்பேற்றது. தொடக்கத்தில் போட்ட பணம் கரைந்து, தொழிலையே மூடிவிடலாமா என்று பங்குதாரர்கள் கலங்கிய வேளையும் உண்டு. எஞ்சிய பணத்தையும் துணிந்து இட்ட பின்னரே வளமிக்க தங்க இழை அகப்பட்டது.

இரண்டாவது, தொழில்நுட்பம். 1887-இல் கிளாஸ்கோ நகரில் சயனைடு முறை கண்டுபிடிக்கப்பட்டது. அரைத்து எறிந்த பாறைத் தூளில் தங்கிவிட்ட நுண்ணிய தங்கத்தையும் பிரித்தெடுக்க இம்முறை வழி செய்தது. நேற்றுவரை கழிவாக இருந்தது இன்று செல்வமாயிற்று. அடுத்து வந்தது மின்சாரம். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 90 மைல் தொலைவு கம்பி வழியே ஓடி, முதன்முதலில் வந்து சேர்ந்த இடம் தங்கவயல். அதற்கான கருவிகள் அமெரிக்காவிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்தன. பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின் விளக்கு 1905-இல்தான் வந்தது. ஆதாயம் எங்கே உள்ளதோ அங்கேதான் புதிய கருவி முதலில் செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. மின்விசையின் வலிமையால் சுரங்கங்கள் ஆழ்ந்துகொண்டே சென்றன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கிற்று.

மூன்றாவது, சமுதாயம். இதனைப் பொருளாதார நூல்கள் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் வைக்கும். நாம் அவ்வாறு வைத்தலாகாது. பாறை வெடித்துச் சரியும் ஆபத்தும், நெஞ்சில் கல்தூள் படியும் நோயும் உள்ள அந்த ஆழத்திற்கு இறங்கியோர் பெரும்பாலும் நம்மவரே. ஆயினும் அங்கே கூலி நெல்லாக அன்றிக் காசாகக் கிடைத்தது. ஆண்டையின் களத்தில் கைகட்டி நிற்கும் நிலை அங்கில்லை. கையில் காசும், தோளில் துண்டும் வந்தபின், மனத்தில் கேள்வியும் வந்தது. 1930-இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. குற்றவாளியைப் போல் நம்மை நடத்தாதே என்பது அதன் உட்பொருள். மலிவாகக் கிடைக்கும், வாய் திறவாது உழைக்கும் ஆட்கள் என்னும் கணக்கை நம்பி வந்த மூலதனம், உழைப்பவன் நிமிர்ந்தபோது தன் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனி, வந்த மூலதனம் போன கதையைக் கேளுங்கள். 1934-இல் அமெரிக்க அரசு ஓர் அவுன்சு தங்கத்தின் விலையை 35 டாலர் என்று வரையறுத்தது. அவ்விலையே 1971 ஆகஸ்டுவரை உலகத்திற்கு அதிகாரபூர்வ அளவுகோலாக நின்றது. விலை அசையாது நிற்க, சுரங்கமோ ஆழ்ந்தது, செலவோ ஏறியது, பாறையில் தங்கத்தின் அளவோ குறைந்தது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது. இலண்டன் கம்பெனிகள் இழப்பீடு பெற்று வெளியேறின. 1962-இல் நடுவணரசின் கைக்கு மாறி, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாகி, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தங்கம் ஏறத்தாழ 800 டன்.

மூடிய அந்த நாளில் உலகச் சந்தையில் ஓர் அவுன்சு தங்கத்தின் விலை 270 டாலர் அளவில் கிடந்தது. 2011-இல் அது 1,900 டாலரைத் தாண்டியது. 2025 அக்டோபரில் 4,000 டாலரையும் தாண்டியது. சுரங்கக் கதவு சாத்தப்பட்ட சில ஆண்டுகளிலேயே விலை ஏறத் தொடங்கியது. ஆயினும் வேலை இழந்தவர் வயிறு அந்த விலைக்காகக் காத்திருக்க முடியுமா? விடியுமுன் எழுந்து இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குச் சென்று, இரவில் வீடு திரும்பும் வாழ்க்கையே அவர்களுக்கு வாய்த்தது. சயனைடுக் கழிவு மேடுகள் மட்டும் குன்றுகளாக இன்றும் நிற்கின்றன.

இது பழங்கதை என்று இளைஞர்கள் எண்ணிவிட வேண்டா. திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கே வேலைக்குச் சென்றனர். அடுத்த ஆண்டே தொடுதிரைக் கைப்பேசிகள் உலகச் சந்தையை மாற்றத் தொடங்கின. அந்நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் பிறிதொரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. வரி வழக்கின் காரணமாக இங்குள்ள தொழிற்சாலை அவ்விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் முதல் நாளில் உற்பத்தி நின்றது. தங்கவயலில் 120 ஆண்டுகளில் நிகழ்ந்தது, திருப்பெரும்புதூரில் எட்டே ஆண்டுகளில் நிகழ்ந்து முடிந்தது. மாறுதலின் வேகம் கூடியிருக்கிறது. அதன் முறை மாறவில்லை.

அப்படியாயின், தொழிற்சாலைகள் வரவேண்டா என்று சொல்கிறோமா? அல்ல. வரட்டும், நம் பிள்ளைகள் அங்கே வேலை செய்யட்டும். வந்தது ஒருநாள் போகும் என்பதை அறிந்து வேலை செய்யட்டும் என்பதே நம் கருத்து. மூலதனத்திற்கு ஊர்ப்பாசம் இல்லை. அதனிடம் அதனை எதிர்பார்ப்பதும் அறிவுடைமை ஆகாது. அது இருக்கும் நாளில் நாம் எதைச் சேர்த்துக்கொண்டோம் என்பதே கேள்வி.

தங்கவயல் தொழிலாளர்கள் இக்கேள்விக்கு ஒரு விடை தந்து சென்றுள்ளனர். 800 டன் தங்கத்தை மேலே ஏற்றிய அக்கைகளில் கம்பெனியின் பங்குப் பத்திரம் ஒன்றேனும் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் வேறொன்றில் முதலீடு செய்தனர். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய "தமிழன்" இதழ், 1914-இல் அவர் மறைந்த பின் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. 1926-இல் அதற்கு மீண்டும் உயிரூட்டித் தங்கவயலிலிருந்து நடத்தியவர் அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களைத் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. மாரிகுப்பத்திலே பௌத்த சங்கம் வளர்ந்தது. இவற்றையெல்லாம் தாங்கி நின்றது யாருடைய பணம்? இருட்டில் இறங்கி உழைத்தவர்களின் கூலிப் பணம். இலண்டன் கம்பெனிகளின் பெயர்களை இன்று யாரும் நினைப்பதில்லை. பண்டிதரின் எழுத்துகளோ 1999-இல் தொகுதிகளாக மீண்டும் அச்சேறிப் பல்கலைக்கழகங்களில் ஆராயப்படுகின்றன. எந்த முதலீடு நிலைத்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எம் பாட்டனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதந்தோறும் அவர் அனுப்பிய மணியார்டரில், வீட்டுச் செலவுக்கு இவ்வளவு, பையன் படிப்புக்கு இவ்வளவு என்று பிறரைக் கொண்டு எழுதுவித்துப் பிரித்து அனுப்புவாராம். பஞ்ச காலத்திலும் படிப்புப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. அப்பணத்தில் எம் தந்தையார் பள்ளி இறுதி வகுப்பு முடித்தார். அதனால் நாம் பட்டம் பெற்றோம், இம்மேடையில் நிற்கிறோம். பாட்டனார் இறங்கிய சுரங்கத்தில் இன்று நீர் நிறைந்திருக்கிறது. அவர் இட்ட முதல் இன்னும் வட்டி தந்துகொண்டிருக்கிறது.

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்லி அமைகிறோம்.

முதலாவது, பத்தாம் வகுப்பு முடித்தவுடன் ஒப்பந்தக் கூலிக்கு ஓடாதீர்கள். மாதம் கையில் கிடைக்கும் சில ஆயிரம் பெரிதாகத் தோன்றும். ஒரு கருவியை இயக்க மட்டும் கற்றவன், அக்கருவி மாறும்போது வேலையிழப்பான். அக்கருவியின் தத்துவத்தைக் கற்றவன் அடுத்த கருவிக்குச் செல்வான். குடும்ப வறுமையால் படிப்பு நிற்கும் நிலை வந்தால், வெட்கப்படாமல் கழகத்தின் கதவைத் தட்டுங்கள்.

இரண்டாவது, கணக்குப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வட்டி என்றால் என்ன, பங்கு என்றால் என்ன, விலைவாசி ஏறும்போது சேமிப்பின் மதிப்பு எவ்வாறு தேய்கிறது என்பவற்றை அறியாமல் பணத்தை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். ஊருலகத்தில் இல்லாத வட்டி தருகிறோம் என்று வருவோரை நம்பி, மகள் திருமணத்திற்கு வைத்திருந்த பணத்தை இழந்து நம் பள்ளி வாயிலில் நின்று அழுத பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். இன்று கைப்பேசியிலேயே உலகச் சந்தையில் பணம் போடலாம். விரல் நுனியில் வசதி வந்துவிட்டது. நிதானம் தலையிலிருந்துதான் வரவேண்டும்.

மூன்றாவது, வேலைக்குச் சென்றோர் தம் முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கழகத்தின் கல்வி நிதிக்குத் தாருங்கள். இந்தக் கழகம் 25 ஆண்டுகளாக நின்றது பெருஞ்செல்வர் ஒருவரின் கொடையால் அன்று, சிறு சந்தாக்களால். வெளியிலிருந்து வரும் பணம் தன் ஆதாயத்தைக் கருதி வரும். நமக்குள்ளிருந்து எழும் பணம் நம் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எழும். அது எங்கும் போய்விடாது.

அடுத்த 25 ஆண்டுகளில் உலகம் எவ்வாறெல்லாம் மாறும் என்று நம்மால் உறுதி கூற இயலாது. எந்த மாறுதல் வந்தாலும், படித்துவிட்ட பிள்ளையிடமிருந்து அப்படிப்பை எந்தக் கம்பெனியும் திரும்பப் பெற்றுக்கொண்டு போக முடியாது. பொன்விழா மேடையில் இதே பொருள்பற்றிப் பேச, இங்கே அமர்ந்து கேட்கும் தங்கைமார்களுள் ஒருவர் பொருளாதாரப் பேராசிரியராக வந்து நிற்கவேண்டும் என்பது நம் விருப்பம். அதற்கான முதலை இன்றே இடுவோம்.