கொசு நம்மைத் தேடி வருவது எதனால்?



மாலையில் நாலைந்து பேர் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். கொசு ஒருவரை மட்டும் விடாமல் கடிக்கும். "உங்களுக்கு இனிப்பு இரத்தம்" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிலர் அதை உண்மையென்றே நம்பிவிடுகிறார்கள். ஆனால், இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைப் பார்த்துக் கொசு ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை.

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டையிட அதற்கு இரத்தம் வேண்டும். நாம் வெளியே விடும் மூச்சுக் காற்றைத் தூரத்திலிருந்தே அது உணர்ந்துகொள்ளும். நெருங்கி வந்ததும் வியர்வை வாடையும் உடல் சூடும் அதற்கு வழிகாட்டும். தோலின் வாடை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவரை அதிகமாகக் கடிப்பதற்கு இதுவே பெரிய காரணம். நிறமும் ஒரு காரணம். மூச்சுக் காற்றை முகர்ந்த ஏடிஸ் கொசு கறுப்பு, சிவப்பு நிறங்களை நோக்கிப் பறப்பதையும், வெள்ளை, பச்சை நிறங்களைப் பொருட்படுத்தாததையும் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டார்கள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் கடிக்கும் மாட்டு ஈயும் இப்படித்தான். மூச்சும், சூடும், அசையும் கருநிற உருவமும் அதை இழுக்கும்.

மூச்சை நிறுத்த முடியாது. வெளிர்நிற முழுக்கைச் சட்டை போடலாம், வியர்த்தால் குளிக்கலாம், கொசு விரட்டி மருந்தை அதன் உறையில் உள்ள குறிப்பின்படி பூசலாம். ஆனால் கொசு பிறக்கும் இடத்தை அழிப்பதுதான் பெரிய காவல்.

இது தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்குப் புதிதல்ல. 1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், அங்கும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களின் நீரை வடியவைத்தார். மலேரியா வெகுவாகக் குறைந்தது. பிறகு ரப்பர் தோட்டங்களிலும் கால்வாய் வெட்டினார்கள், ஓடைகளில் எண்ணெய் அடித்தார்கள். இரவில் வலைக்குள் படுக்கும் பழக்கமும் அந்தக் காலத்துப் பாடம்தான்.

இன்று லாபிஸில் நாம் அஞ்ச வேண்டிய டிங்கிக் கொசுவின் குணம் வேறு. மலேரியாக் கொசு இரவில் கடிக்கும். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். பொழுது விடிந்த பிறகும், மாலையில் பொழுது சாய்வதற்கு முன்பும் அதன் கடி அதிகம். நீங்கள் பூப்பறித்து, துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரமும் அதுதான். அது ஓடைக்கும் சதுப்புக்கும் போகாது. நம் வீட்டுத் தெளிந்த தண்ணீரே அதற்குப் போதும்: பூச்சட்டியின் அடித்தட்டு, குளியலறைத் தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, கொல்லையில் கிடக்கும் பால் மங்கு, ஐஸ்பெட்டியின் பின்தட்டு, சாமி மேடையில் மாற்றாமல் வைத்த செம்புத் தண்ணீர்.

முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை, 10 நிமிடம், வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். புகையடித்தாயிற்று என்றும் இருந்துவிடாதீர்கள். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவைக் கொல்லாது. குனிந்து வேலை செய்ய முடியாதவர்கள் பேரப் பிள்ளைகளைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று நீங்கள் காட்டினால், அவர்கள் கழுவட்டும்.

காய்ச்சல் வந்தால், "இரண்டு நாளில் போய்விடும், பிள்ளைகளுக்கு எதற்குத் தொந்தரவு" என்று பொறுத்திருக்காதீர்கள். கிளினிக்கிற்குப் போய் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களை டிங்கி கடுமையாகத் தாக்கக்கூடும். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்; ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவை இரத்தக் கசிவை அதிகமாக்கும். இருதயத்திற்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஒன்றை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள். டிங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு, கைகால் சில்லிடுதல் இருந்தால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காய்ச்சல் உள்ளவர் பகலிலும் வலைக்குள் படுக்கட்டும். அவரைக் கடித்த கொசு, சில நாள் கழித்து அதே வீட்டுக் குழந்தைக்கும் நோயைக் கொடுக்கலாம்.

அன்று தோட்டத்திலே கொசுவை விரட்டினோம். இன்று வீட்டுக்குள்ளேயே விரட்ட வேண்டியிருக்கிறது. இந்த வாரமே தொடங்குங்கள்.