எபிசோட் 37: 52 புத்தகம் படிச்சேன், என்ன படிச்சேன்?

மேட்டுப்பாளையத்துல இருந்து பேசறேன். பின்னாடி சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, மண்டிக்கு வந்த லாரி. மைக் மாத்திப் பார்த்தேன், கதவைச் சாத்திப் பார்த்தேன், லாரி கேக்கல.

ஜனவரி மாசம். அதனால வருஷா வருஷம் வர்ற அதே எபிசோட்தான்: போன வருஷம் என்ன படிச்சேன், இந்த வருஷம் என்ன படிக்கப் போறேன். ஆனா இந்தத் தடவை முதல்ல ஒரு பாவமன்னிப்பு.

பழைய கேட்பாளர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி இதே மைக்ல "52 புத்தகம், வாரம் ஒண்ணு"ன்னு சவால் விட்டேன். குட்ரீட்ஸ்ல போட்டேன், எக்செல்ல தனியா ஒரு ஷீட் வெச்சேன். டிசம்பர் 30ஆம் தேதி 52 முடிச்சு ஸ்கிரீன்ஷாட்டும் போட்டேன். நீங்களும் ஹார்ட் போட்டீங்க.

எப்படி முடிச்சேன்னு இப்ப சொல்றேன். அக்டோபர்ல ஆப் "நீங்க 9 புத்தகம் பின்தங்கி இருக்கீங்க"ன்னு சொல்லிச்சு. ஆபீஸ்ல ஸ்பிரிண்ட் லேட்டு, இங்கயும் லேட்டு. உடனே நான் ஒரு நல்ல இன்ஜினியர் என்ன செய்வானோ அதைச் செஞ்சேன். மெலிசான புத்தகமா பொறுக்கினேன். கிண்டில்ல தனியா விக்கிற சிறுகதையை ஒரு புத்தகம்னு கணக்கு வெச்சேன். ஆடியோ புக்கை 2 எக்ஸ் வேகத்துல ஓட்டிட்டு பைக் கழுவினேன். எண்ணிக்கை ஏறிச்சு.

குட்ஹார்ட்னு ஒரு பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் 1975ல ஒரு விஷயம் சொன்னார். ஒரு அளவை வெச்சு நாம கட்டுப்படுத்த ஆரம்பிச்சோம்னா, அந்த அளவு நம்பத்தகுந்ததா இருக்காது. நம்ம பாஷைல சொன்னா, எத்தனை லைன் கோட் எழுதினேன்னு பார்த்து இன்க்ரிமென்ட் கொடுத்தா எல்லாரும் லைன் மட்டும்தான் எழுதுவாங்க. நான் எனக்கே அப்படி ஒரு மேனேஜர் ஆயிட்டேன்.

மாட்டினது கொடிசியா புத்தகத் திருவிழாவுல. என் அத்தை பையன் ஒரு ஸ்டால்ல "யானை டாக்டர்" எடுத்து, "இது நீ லிஸ்ட்ல போட்டிருந்தயே, எப்படி இருக்கு?"ன்னு கேட்டான். நான் "செமயா இருக்கும்டா, யானைக்கு வைத்தியம் பண்ற டாக்டர் பத்தி"ன்னேன். அது அட்டையிலயே இருக்கு. "அப்புறம்?"னான். அப்புறம் ஒண்ணும் இல்லை. கோயம்புத்தூர்ல இருந்து மேட்டுப்பாளையம் வர்ற ரயில்ல முக்கால் மணி நேரத்துல முடிச்ச புத்தகம் அது. காரமடை தாண்டறதுக்குள்ள "படித்துவிட்டேன்" பட்டனை அமுக்கியிருந்தேன்.

அதனால போன வருஷம் விதியை மாத்தினேன். 52 இல்லை, 12. எல்லாமே நம்ம கொங்கு மண்ணைச் சேர்ந்த கதை, இல்லைன்னா பக்கத்துக் காட்டைச் சேர்ந்த கதை. எக்செல்ல பக்க எண்ணிக்கை காலத்தை அழிச்சுட்டு புதுசா ஒரு காலம் போட்டேன்: "யாருகிட்ட சொன்னேன்?" ஒரு ஆளுக்காவது அந்தப் புத்தகத்தை முழுசா சொன்னாத்தான் கணக்கு. ரிசல்ட்: 12க்கு 9. ஃபெயில். ஆனா அந்த 9ல நாலைப் பத்தி நான் இப்ப நோட்ஸ் இல்லாம பேசப் போறேன்.

ஒண்ணு, அதே "யானை டாக்டர்". ஜெயமோகனோட "அறம்" தொகுப்புல வந்த கதை. டாப்ஸ்லிப்ல வேலை செஞ்ச வனத்துறை கால்நடை மருத்துவர் டாக்டர் கே., அதாவது வி. கிருஷ்ணமூர்த்தின்னு நிஜமா வாழ்ந்த மனுஷரை வெச்சு எழுதினது. ரெண்டாவது தடவை மெதுவா படிச்சப்பத்தான் என்னை உலுக்கினது எதுன்னு புரிஞ்சுது. காட்டுக்கு வந்து குடிச்சுட்டு யாரோ உடைச்சுப் போட்ட பீர் பாட்டில், யானையோட கால்ல ஏறிடுது. அவ்வளவு பெரிய உயிர், ஒரு கண்ணாடித் துண்டு.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லைங்க. கல்லாறு தாண்டி மேல போற ரோட்டுல ரெண்டு பக்கமும் பார்த்திருப்பீங்க. நீலகிரியில டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா 10 ரூபாய்னு 2022ல கொண்டு வந்தாங்களே, அது சும்மா குப்பைப் பிரச்சனைன்னு நினைச்சுட்டு இருந்தேன். இந்தக் கதையை என் காலேஜ் கேங்குக்குச் சொன்னேன். அடுத்த ஊட்டி ட்ரிப்ல பாட்டிலைத் திரும்பக் கொண்டு வந்தோம். ஒரு கதை அதைச் செய்ய வெச்சுது, போதும்.

ரெண்டாவது, பெருமாள்முருகனோட "கூளமாதாரி". 2000ல வந்த நாவல். "மாதொருபாகன்" சர்ச்சையால அவரு பேரு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆடு மேய்க்கிற பசங்களோட கதை. கூளையன்னு ஒரு சக்கிலியப் பையன், ஒரு கவுண்டர் பண்ணையத்துல கட்டுப்பட்டு வேலை செய்யறான். மேய்ச்சல் காடு, கிணத்துல நீச்சல், பசங்க சிரிப்பு எல்லாம் இருக்கு. அதனால முதல் நூறு பக்கம் ஜாலியா போகுது. அந்த ஜாலிக்குள்ளேயே அவன் யாரு, நாம யாருங்கறதும் இருக்கு.

இதை என் அம்மாகிட்ட சொன்னேன். "நம்ம தோட்டத்துலயும் ஒரு பையன் இருந்தான், ஆடு ஓட்ட"ன்னாங்க. பேரு கேட்டேன். யோசிச்சாங்க, ஞாபகம் வரல. பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டு இருந்த அம்மாயி தலையை நிமித்தாம அவன் பேரைச் சொன்னாங்க. அவன் அம்மா பேரையும் சொன்னாங்க. அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு, வீட்டுல ஒரு பெரிய வாசகி சும்மா உக்காந்திருக்காங்க, ஒரே பிரச்சனை அவங்களுக்குப் படிக்கத் தெரியாது.

மூணாவது சட்டுன்னு சொல்லிடறேன். தேவிபாரதியோட "நீர்வழிப் படூஉம்". 2023ல சாகித்ய அகாதமி விருது வாங்கின நாவல். குடிநாவிதர் குடும்பம், காரு மாமாவோட சாவு, அதுக்குக் கூடற சொந்தபந்தம். தலைப்பைப் பார்த்து பயந்துடாதீங்க, அது கணியன் பூங்குன்றனார் பாட்டுல இருந்து எடுத்தது, உள்ள நம்ம பேச்சுதான். உங்க ஊர்ல முடி வெட்டறவரு வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு வந்து போன காலத்தை நீங்க பார்த்திருந்தா, அவரு வீட்டுக்குள்ள இருந்து அதே காலத்தைப் பார்க்கலாம். கேளுங்க, படிங்க.

இப்ப நாலாவது. இதுக்காகத்தான் இந்த எபிசோடே.

ஆர். சண்முகசுந்தரம். தாராபுரம் பக்கம் கீரனூர்க்காரர். "நாகம்மாள்" 1942ல வந்துச்சு. தமிழ்ல முதல் வட்டார நாவல்னு இதைத்தான் சொல்றாங்க. எழுதினப்ப அவருக்கு இருபதுகளோட நடுவுல வயசு. என்னை விடச் சின்னவர். சரி, அதை விடுங்க.

கதை சிம்பிள். நாகம்மாள் புருஷன் செத்துட்டான். ஒரு பெண் குழந்தை. கொழுந்தன் சின்னப்பன், அவன் பொண்டாட்டி காளியோட ஒரே வீட்டுல இருக்கா. அவ வாய்த்துடுக்குக்காரி, நாலு பேரு முன்னாடி நின்னு பேசுவா. ஒரு நாள் நிலத்துல தன் பங்கைக் கேக்கறா. அவ்வளவுதான் கதை. கேக்கச் சொல்லித் தூண்டி விடறவங்களுக்கு அவங்கவங்க கணக்கு இருக்கு. சின்னப்பனும் வில்லன் இல்லை, காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் காட்டுல உழைக்கிறவன். யாரு பக்கம் நிக்கறதுன்னே தெரியாது.

இதை அம்மாயிக்கு வாசிச்சுக் காட்டினேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடிச்சு, திண்ணைல. நூத்தி சொச்சம் பக்கப் புத்தகம். ஏழு ஞாயிறு ஆச்சு! ஏன்னா ஒரு பக்கம் வாசிச்சா அம்மாயி மூணு பக்கம் பேசுவாங்க. அவங்க அய்யன் தோட்டத்துல கவலை ஓட்டின கதையை ஒரு நாள் ஆரம்பிச்சாங்க. நான் மனக்கவலைன்னு நினைச்சு "என்னங்க அம்மாயி கவலை?"ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கவலைன்னா மாட்டை வெச்சுக் கிணத்துத் தண்ணி இறைக்கிறது. பெருமாள்முருகன் "கொங்கு வட்டாரச் சொல்லகராதி"ன்னு ஒரு புத்தகமே போட்டிருக்கார், வாங்கி வைங்க. எனக்கு அது திண்ணைல ஃப்ரீயா கிடைச்சுது.

நாலாவது வாரம் நாகம்மாள் பங்கு கேக்கற இடம் வந்துச்சு. அம்மாயி பேசவே இல்லை. நான் நிறுத்தினேன். "படி சாமி, படி"ன்னாங்க. படிச்சேன். அப்புறம் மெதுவா சொன்னாங்க: "நான் கேக்கல கண்ணு. பத்தரத்தை நீட்டுனாங்க, கைநாட்டு வெச்சுப் போட்டேன்."

எனக்கு இது தெரியாது. என் அம்மாவுக்குப் பாதிதான் தெரியும். 1974ல அப்புச்சி தவறினப்ப அம்மாயிக்கு 26 வயசு, அம்மாவுக்கு 4. அப்புச்சியோட அண்ணன் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி எடுத்துட்டு வந்தார். அதுல என்ன இருக்குன்னு யாரும் வாசிச்சுக் காட்டல.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து சட்டத்தைத் தேடினேன். புருஷன் சொத்துல விதவைக்குப் பங்குன்னு 1937லயே ஒரு சட்டம் வந்திருக்கு. ஆனா மாகாணங்கள்ல இருக்கற விவசாய நிலத்துக்கு அது செல்லாதுன்னு 1941ல ஃபெடரல் கோர்ட் சொல்லிடுச்சு. "நாகம்மாள்" வந்தது அதுக்கு அடுத்த வருஷம். நாவல்ல கோர்ட்டு சட்டம்னு பெரிய பேச்சு எதுவும் இல்லை, ஆனா இது தெரிஞ்சப்புறம் அவ கேட்டது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிஞ்சுது. அப்புறம் 1956ல இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துச்சு. அப்புச்சி தவறினப்ப அது இருந்துச்சு. அதாவது நாகம்மாளுக்குச் சட்டம் கைகொடுக்கல. என் அம்மாயிக்குக் கொடுத்திருக்கும். யாரும் சொல்லல.

கோபம் வந்துச்சு. அடுத்த ஞாயிறு போய் அம்மாயிகிட்ட சட்டம் எல்லாம் சொன்னேன், பிபிடி மட்டும்தான் போடல. பொறுமையா கேட்டாங்க. "கேட்டிருந்தா என்னையும் இவளப் பேசுன மாதிரியேதான் பேசியிருப்பாங்க சாமி. புள்ளைய வெச்சுட்டு நான் எங்க போறது?"ன்னாங்க. அப்புறம், "உங்கம்மா கண்ணாலத்துக்குக் காசு குடுத்தது அவருதான்"னு சேர்த்துச் சொன்னாங்க. சின்னப்பன் வில்லன் இல்லைன்னு புத்தகத்தைப் பத்தி நான் சொன்னேன் பாருங்க, அது ஈஸி. திண்ணைல உக்காந்து அதையே கேக்கறது கஷ்டம். எனக்கு இன்னும் கோபம் போகல.

ஏழாவது ஞாயிறு கடைசி அத்தியாயம். முடிவைச் சொல்ல மாட்டேன். படிச்சு முடிச்சு மூடினேன். இன்டர்நெட்ல இந்த நாவலுக்கு எத்தனையோ விமர்சனம் இருக்கு. வட்டார வழக்கு, யதார்த்தவாதம் எல்லாம். அம்மாயி கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் புள்ளை என்ன ஆச்சு?"

"புத்தகத்துல இல்லைங்க அம்மாயி"ன்னேன்.

"என்ன எழுதறாங்க போ"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "சேரி, அடுத்த வாரம் வேற ஒண்ணு கொண்டா".

மக்களே, என் 52ல ஒரு புத்தகம் கூட இப்படி நடந்துக்கல. புத்தகம் மேல தப்பில்லை, நான் அதுக்கு நேரமே கொடுக்கல.

அதுக்காக எண்ணிக்கையே வேண்டாம்னு சொல்ல வரல. எனக்கு எண்ணாம இருக்க முடியாது, வியாதி அது. இந்த வருஷத்து இலக்கு: 10 புத்தகம். அதுல 3 அம்மாயிக்கு வாசிக்கிறது. "யாருகிட்ட சொன்னேன்" காலம் தொடருது. இன்னொரு காலம் சேர்த்திருக்கேன்: "அவங்க என்ன கேட்டாங்க?" முதல் வரிசைல அந்தப் புள்ளை பத்தின கேள்வி இருக்கு.

உங்களுக்கு ஹோம்வொர்க். உங்க ஊரைப் பத்தி உங்க ஊர்க்காரங்க எழுதின ஒரு புத்தகம் கண்டுபிடிங்க. கோவைக்காரங்க ராஜ வீதி விஜயா பதிப்பகத்துல போய்க் கேளுங்க, எடுத்துக் கொடுப்பாங்க. காசு இல்லைன்னா கிளை நூலகம் இருக்கு, சந்தா ஒரு டீ பன் காசுதான் வரும். வாங்கிட்டு வந்து வீட்டுல பெரியவங்களுக்குச் சத்தமா வாசிங்க. அவங்க குறுக்க பேசினா நிறுத்தாதீங்க, புத்தகத்தை மூடி வெச்சுட்டுக் கேளுங்க. என்ன கேட்டாங்கன்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன்.

அம்மாயி கூப்பிடறாங்க. ரெக்கார்டிங்னு சொன்னா, "யாருகிட்ட தனியா பேசிட்டு இருக்கற?"ங்கறாங்க. வர்றேனுங்க அம்மாயி!

போயிட்டு வர்றேன் மக்களே.